கொம்பு நீலத்தில் எழுதிய பாஸ்வேர்டு

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், ரோட்டைப் பார்த்த சுவரில் இரண்டு கை அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுண்ணாம்பு காயக் காய உள்ளேயிருந்து நீல எழுத்துகள் எழுந்து வந்துகொண்டிருந்தன. முதலில் கோணலாக ஒரு வட்டம் தெரிந்தது. பிறகு பக்கத்தில் இரண்டு குச்சிகள், கடைசியில் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்கள். வருடா வருடம் இது நடக்கிறது. பொங்கலுக்கு மறைகிறது, மாட்டுப் பொங்கலுக்குள் மங்கலாக வந்துவிடுகிறது. "மூணாவது கை அடிச்சுப் பாக்கட்டுமாண்ணே?" என்றார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேபிள்காரம்மாவின் ஞாபகம் வரும். கூடவே சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருக்கிறது. மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் எடுத்தது போகத்தான் எங்களுக்குத் தண்ணீர். எனக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம் உண்டு. அதோடு எங்கள் வாய்க்காலில் முறைத் தண்ணீரைத் திறந்து மூடுகிற பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைத்து, அந்தந்த மடைப்பலகையைத் தூக்கி இறக்குவேன். இந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் என்னுடைய திறமை இல்லை. நான் யாரோடும் வம்பு பேச மாட்டேன் என்பதுதான். உண்மையில் நான் வம்பு மட்டுமில்லை, எதுவுமே பேச மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதச் சொன்னால் பொறுமையாக அழகாக எழுதுவேன். பேசச் சொன்னால் தொண்டையில் நெல் உமி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊர் வரை போய் நடந்து வந்தவன் நான்.

வாய்க்கால்காரர்கள் நாற்பது வீட்டையும் சேர்த்து போனில் ஒரு குரூப் ஆரம்பித்தது எனக்குப் பெரிய விடுதலை. அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இருமிக் காட்டித்தான் முறை வந்துவிட்டது என்று சொல்வேன். குரூப் வந்த பிறகு "திறந்தாச்சு" என்று ஒரு வார்த்தை, முறை முடிந்ததும் "மூடியாச்சு" என்று இன்னொரு வார்த்தை. என் பெயரில் அந்த ஒரு வார்த்தை போனால் போதும். சாப்பாட்டில் கை வைத்தவர்கள்கூடக் கையைக் கழுவிவிட்டு மண்வெட்டியை எடுப்பார்கள். அவ்வளவு நம்பிக்கை. ஆனால் எங்கள் தெருவில் டவர் சரியாகக் கிடைக்காது. "திறந்தாச்சு" என்று அனுப்ப நான் மதகுக் கட்டை மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சென்னையில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மகள், முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் என் முகம் பாதியில் உறைந்து நிற்பதாகச் சொல்லிச் சிரிப்பாள். அவள்தான் வீட்டுக்கு ஒயர் இழுத்து வைஃபை வைக்கச் சொன்னாள். அதைப் போட வந்தவர்தான் கேபிள்காரம்மா.

எங்கள் பக்கத்து ஏழெட்டு ஊர்களுக்கும் டிவி கேபிள் கொடுத்து, அதையே பிறகு இன்டர்நெட்டாக மாற்றிக்கொண்டவர்கள் அவரும் அவருடைய வீட்டுக்காரரும். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டு, தலைப்பை இடுப்பில் செருகி, தோளில் ஒயர் வளையத்தை மாட்டிக்கொண்டு மொபெட்டில் வருவார். பின்னால் அவருடைய வீட்டுக்காரர் ஏணியைக் குறுக்கே பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்கு உயரம் என்றால் பயம். அதனால் கம்பத்தில் ஏறுவது அந்த அம்மா, ஏணியைப் பிடித்துக்கொள்வது அவர். "எங்க வீட்டுல நான் மேல இருப்பேன், அவரு கீழ இருப்பாரு. சண்டையே வராது" என்று எல்லா வீட்டிலும் சொல்வார். அந்த மனிதரும் முதல் தடவை கேட்கிற மாதிரியே ஒவ்வொரு வீட்டிலும் சிரிப்பார்.

மோடம் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டபோது என் மனைவி யோசிக்கவே இல்லை. விளக்கு மாடத்தைக் காட்டினாள். மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டு, மோடத்துக்கு முன்னால் விளக்கும் ஏற்றிவிட்டாள். கேபிள்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "சாமிக்கும் நெட்டுக்கும் சண்டை இல்லக்கா. விளக்குச் சூடுதான் அதுக்கு ஆகாது. உருகிச்சுன்னா சாமியே வந்தாலும் கனெக்‌ஷன் வராது" என்று சொல்லி, நடு அறையில் உயரமான அலமாரி மேல் வைத்தார். கீழே வைத்தால் பீரோவும் சுவரும் மறித்துக்கொண்டு உள்ளறைக்கு எட்டாது என்றார். அவர் போன மறுநாள் என் மனைவி அதன்மேல் கோழிக்குஞ்சு மூடுகிற கூடையைக் கவிழ்த்து வைத்தாள். தூசி படக்கூடாதாம். இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூங்கில் கூடை என்பதால் மோடம் பிழைத்தது.

பெட்டி வைத்த அன்றைக்கே எனக்குக் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ஆனால் கேட்கவில்லை. அந்த அம்மா கிளம்பும்போது வாசல் வரை போனேன், வாயைத் திறந்தேன், மூடினேன். மொபெட்டை ஸ்டார்ட் செய்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்தார். "என்னண்ணே? கேளுங்க. கேக்குறதுக்கெல்லாம் பில்லு கிடையாது." நான் சிரித்தேன். அவ்வளவுதான் முடிந்தது. அவர் என்னையும் என் கையிலிருந்த நீள நோட்டையும் பார்த்தார். "சரி, எழுதி வைங்க. அடுத்த தடவ வரும்போது பாக்குறேன்" என்றார். அப்படித்தான் என் முறை நோட்டின் கடைசிப் பக்கங்களில் கேள்விகள் ஏற ஆரம்பித்தன. முன்பக்கம் தண்ணீர் முறை, பின்பக்கம் இன்டர்நெட். அவர் எங்கள் தெருவுக்கு வரும் நாளில் நோட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். திரும்பி வரும்போது பதில் எழுதியிருக்கும்.

அந்தப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. "பெட்டியை அணைக்காமல் விட்டால் நெட் தீர்ந்துவிடுமா?" என்பது என் முதல் கேள்வி. "தீராது. ஆனால் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி வைக்கவும்" என்று பதில். "சிவப்பு விளக்கு எரிந்தால் நாங்கள் ஏதும் தப்பு செய்துவிட்டோமா?" "நீங்கள் செய்யவில்லை. எங்கேயோ மாடு ஒயரில் கழுத்தை உரசியிருக்கும், இல்லை ஜேசிபி தோண்டியிருக்கும். எனக்கு போன் போடவும். பேச வேண்டாம், மிஸ்டு கால் போதும்." என் மனைவி கேட்கச் சொன்னது: "முகம் பார்த்துப் பேசும்போது எதிரில் இருப்பவர் வீட்டுக்குள் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?" அதற்கு, "போனைத் திருப்புகிற பக்கம் மட்டும்தான் தெரியும். துவைக்காத துணி இருக்கிற பக்கம் திருப்ப வேண்டாம்." ஒரு நாள் போனில் கார் பரிசு விழுந்திருப்பதாக வந்தது. அதையும் எழுதி வைத்தேன். "சேராத சீட்டில் பரிசு விழாது. அந்த நீல வரியைத் தொடாமல் அழிக்கவும்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். என் கேள்வி எதையும் அவர் ஒரு தடவைகூடக் கேலி செய்ததில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தியதும் இல்லை. அவருக்கும் பிழை வரும்.

இனி அந்தச் சுவர். என் மனைவி சொன்ன நெல்லின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்து, அந்த அம்மா அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, இதை வெளியில் காட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் போயிருந்தார். ஆனால் எங்கள் தெருவில் அப்போது வைஃபை வைத்தது நான் ஒருவன்தான். எதிர் வீட்டார் வந்து நின்றார்கள், மகன் துபாயிலிருந்து பேசுகிறான் என்று. பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சை ரிசல்ட் பார்க்க வேண்டும் என்றாள். வாழ்நாள் முழுக்கக் கடைமடையில் கிடந்தவனுக்கு, முதல் முறையாகத் தலைமடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மேலே இருக்கிறவன் பலகையை இறக்கிவிட்டுப் போனால் கீழே இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொருவராக வந்து கேட்க, ஒவ்வொருவருக்கும் நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலப் பெயிண்ட் கால் டப்பா மிச்சம் இருந்தது. அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து, பொன்னி என்பதை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தாகவும், அதன் பின்னால் எட்டு எண்களையும், ரோட்டைப் பார்த்த சுவரில் முழம் முழமாக எழுதிவிட்டேன். எழுதி முடித்து இறங்கியபோது ஒரு புண்ணியம் செய்த மாதிரி மனசு நிறைந்திருந்தது.

நாலு நாளில் எங்கள் வீட்டு எதிரே இருக்கிற மதகுக் கட்டையில் எனக்குத் தெரியாத முகங்கள் உட்கார ஆரம்பித்தன. பைக்கில் வருவார்கள், குனிந்து போனைப் பார்ப்பார்கள், போவார்கள். மகளோடு பேசினால் மறுபடியும் என் முகம் பாதியில் உறைந்தது. நெட் மெதுவாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். கேபிள்காரம்மா வந்தார். வீட்டுக்குள் வரவே இல்லை. சுவருக்கு முன்னால் மொபெட்டை நிறுத்திவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஏணியோடு இருந்த வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காரே" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, "அண்ணே, இப்படி வாங்க" என்று கூப்பிட்டார். "மடைப்பலகைய உருவி நடு ரோட்டுல வச்சிருக்கீங்களே. உங்க கனெக்‌ஷன்ல எவனாச்சும் ஒரு தப்பான வேலை செஞ்சான்னு வைங்க, போலீசு அவன் வீட்டுக்கா போகும்? உங்க வீட்டுக் கதவத்தான் தட்டும்."

நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, அங்கேயே சுவரில் வைத்து எழுதிக் காட்டினேன். "கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்வது பாவம் இல்லையா?" அவர் அதைப் படித்தார். முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. அன்றைக்கு அவர் பதிலை எழுதவில்லை, சொன்னார். "தண்ணி விடும்போது நீங்க பக்கத்துல நிக்கிறீங்கண்ணே. எந்த வயலுக்குப் போவுது, எம்புட்டுப் போவுதுன்னு கண்ணால பாக்குறீங்க. இது நீங்க பாக்காத வயலுக்கெல்லாம் போவும். குடுக்க வேணாம்னு நான் சொல்லல. ஆளத் தெரிஞ்சுகிட்டுக் குடுங்க. பேரு கேளுங்க. எந்த ஊருன்னு கேளுங்க. எதுக்குன்னு கேளுங்க. அப்புறம் அவங்க போன வாங்கி நீங்களே அடிச்சுக் குடுங்க." பிறகு உள்ளே வந்து பாஸ்வேர்டை மாற்றினார். பெட்டிக்குள்ளேயே வீட்டுக்கு ஒன்றும், வருகிறவர்களுக்கு ஒன்றுமாக இரண்டு வைஃபை பெயர்கள் வைத்துக் கொடுத்தார். பெரிய வாய்க்காலிலிருந்து ஒரு கிளை பிரிக்கிற மாதிரிதான். அது எனக்கு உடனே புரிந்தது. புதிய பாஸ்வேர்டில் பெயர், ஊர், நெல் எதுவும் வரக்கூடாது என்றார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் பதினோரு வீட்டில் பொன்னிதானாம்.

பெயர் கேள், ஊர் கேள் என்பது சொல்வதற்குச் சுலபம். எனக்கு அது மலை. ஆனாலும் செய்தேன். வருகிறவர்களிடம் தரையைப் பார்த்துக்கொண்டே "எந்த ஊருங்க?" என்று கேட்டுப் பழகினேன். நேரில் கேட்டுப் பழகியவனுக்கு, போனில் வருகிறவனிடமும் அதையே கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதற்கான கேள்வி ஒன்றை நான் நோட்டில் எழுதாமலே விட்டிருந்தேன். போனுக்கு அவ்வப்போது ஆறு எண்கள் வருகிறதே, அது என்ன, அதை யாரிடம் சொல்லலாம் என்பதுதான் அது. எழுத நினைத்துப் பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும், இதைப் போய்க் கேட்டால் கேபிள்காரம்மாவே சிரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

மாசி மாதம். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே இருக்கிற திடலில் குவித்துப்போட்டு, எங்கள் வரிசைக்குக் காத்திருந்தோம். பகல் பதினொரு மணி இருக்கும். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குவியல் வைத்திருக்கிற அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கொஞ்சம் தள்ளி மர நிழலில் இருந்தேன். அங்கே டவர் கிடைக்கும். அப்போதுதான் போன் வந்தது.

"ஐயா, வணக்கங்கய்யா. கொள்முதல் நிலையத்துல இருந்து பேசுறேங்கய்யா. உங்க டோக்கன் முறை மாறிப்போச்சுங்கய்யா. இப்பவே உறுதி பண்ணலன்னா பத்து நாளு தள்ளிப் போயிடுங்கய்யா." என் ஆயுசில் யாரும் ஒரே மூச்சில் இத்தனை ஐயா போட்டு என்னைக் கூப்பிட்டதில்லை. நிலையம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் போய்க் கேட்பதுதான் எனக்கு வராதே. முறை தவறிப்போவது என்றால் என்ன என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், வானமோ கறுக்கிறது. நான் நெல்லோடு காத்திருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு பல தடவை யோசித்தேன். தெரிந்திருக்கவே வேண்டாம். மாசியில் எங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்கய்யா, அத மட்டும் சொல்லுங்க" என்றான். வந்திருந்தது. சொன்னேன். "ரொம்ப நன்றிங்கய்யா" என்றான். நானும் நன்றி சொன்னேன்.

அடுத்த நிமிடம் குரூப்பைத் திறந்தால் திறக்கவில்லை. வேறு போனில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டுவிட்டது என்கிற மாதிரி ஏதோ வந்தது. என் நெல்லைப் பற்றிய பயம் அந்த நொடியில் போய்விட்டது. இப்போது அவன் கையில் இருப்பது என் பெயர். "திறந்தாச்சு" என்று வந்தால் யோசிக்காமல் மண்வெட்டி எடுக்கிற நாற்பது குடும்பம், என் பெயரில் வேறு என்ன வந்தாலும் அதே மாதிரி யோசிக்காமல் செய்துவிடுமே. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஓடிப் போய் "அது நான் இல்லை" என்று கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கால் அந்தப் பக்கம் போகவில்லை. செய்த தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கேபிள்காரம்மாவைத் தேடிப் போனேன்.

கடைத்தெரு டீக்கடைக்கு எதிரே கம்பத்தின் மேலே இருந்தார். ஏணியைப் பிடித்திருக்க வேண்டிய வீட்டுக்காரர் டீக்கடைக்குள் இருந்தார் போலிருக்கிறது, கீழே ஆள் இல்லை. ஏணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிட வாயைத் திறந்தேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர். வாயை மூடிக்கொண்டேன். மேலேயிருந்து, "ஏங்க, அந்தக் கட்டர எடுங்க" என்று குரல் வந்தது. குனிந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரர்தான் கீழே நிற்கிறார் என்று நினைத்துவிட்டார். கட்டரை எடுத்து நீட்டினேன். "டேப்பு." டேப்பை நீட்டினேன். "இன்னிக்கி என்ன இவ்வளவு சுறுசுறுப்பு?" என்றார். ஒவ்வொரு நிமிடமும் அங்கே என் பெயரில் என்னென்ன போகிறதோ என்று உள்ளே கொதிக்கிறது. இங்கே நான் ஊமையாக ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "நீங்க காலைல மாத்திரை போட்டீங்களா இல்லியா? பதில் சொல்லுங்க!" என்றார் மேலேயிருந்து. அதற்கு நான் எப்படிப் பதில் சொல்வேன்? அப்போதுதான் எனக்குள் எதுவோ உடைந்தது. "கேபிள்காரம்மா!" என்று கத்தினேன். "நம்பரைச் சொல்லிட்டேன்! ஆறு நம்பரையும் சொல்லிட்டேன்!"

டீக்கடையில் கிளாஸ் வைக்கிற சத்தம்கூட நின்றுபோனது. அவ்வளவு சத்தமாக நான் பேசி அந்தக் கடைத்தெரு கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கேபிள்காரம்மா நாலே படியில் இறங்கினார். திட்டவில்லை. "எப்ப? எத்தன நிமிசம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டு, என் போனை வாங்கினார். என் நம்பரை மறுபடி போட்டு, புதிதாக ஒரு எண் வரவழைத்து, அதை அடித்தார். கணக்கு என் போனுக்குத் திரும்பி வந்தது. "இப்ப அவன் வெளிய போயிட்டான்" என்றார். திரும்ப நுழையாமல் இருக்க, எனக்கு மட்டும் தெரிந்த இன்னொரு பூட்டெண்ணை என்னையே அடிக்கச் சொல்லி, அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் அவரே பேசினார். பேங்கில் எதுவும் போகவில்லை என்பதையும் பார்த்துச் சொன்னார். பிறகு குரூப்பைத் திறந்தோம். என் பெயரில் ஒன்பது வரி போயிருந்தது. "அன்பு நண்பர்களே" என்று ஆரம்பித்து, அவசர மருத்துவச் செலவு, உடனே உதவுங்கள், பேச முடியாத நிலையில் இருக்கிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு பதிலும் இல்லை. பதில் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் பதில் போடாமல் அனுப்பிவிட்டார்களோ?

திரும்பி வரும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. கேபிள்காரம்மா மொபெட்டில் கூடவே வந்தார். திடலில் எல்லாக் குவியலும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. என்னுடையதும் மூடியிருந்தது. நாலு மூலைக்கும் கல் வைத்து, பக்கவாட்டில் மண் அணைத்து, நான் மூடினால்கூட அப்படி மூடியிருக்க மாட்டேன். அதன் மேலேயே மூன்று பேர் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கடைசி வயல்காரர், எனக்கு மச்சான் முறை, பெரிதாகச் சிரித்தார்.

"வாய்யா, பேச முடியாத நிலையில இருக்கிறவரே!"

நான் கும்பிட்டேன். "யாரும்... அனுப்பிட்டீங்களா?" என்றேன்.

"எதுக்கு அனுப்பணும்? நீ இந்தக் குரூப்புல இத்தன வருசமா போட்டதையெல்லாம் ஒண்ணாச் சேத்தாலும் ஒம்போது வரி வராது. அதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது நம்மாளு இல்ல, எவனோ வாயாடின்னு."

"அன்பு நண்பர்களேன்னு வேற போட்டிருந்தான்" என்றார் இன்னொருவர். "நீ எங்கள ஒரு நாளாச்சும் அன்பாக் கூப்பிட்டிருக்கியா?"

திடலே சிரித்தது. கேபிள்காரம்மா மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தூறலில் முகம் நனைந்திருந்ததால் மற்றது யாருக்கும் தெரிந்திருக்காது. சின்ன வயதிலிருந்து எதற்காக என்னைக் குறைவாக நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதுவேதான் அன்றைக்கு என் கையெழுத்தாக இருந்து என்னைக் காப்பாற்றியிருந்தது. இதை நான் அந்த அம்மாவிடம் பிறகு நோட்டில் எழுதிக் காட்டினேன். "எல்லா தடவையும் காப்பாற்றாது. அடுத்த தடவை அவன் ஒரு வார்த்தையில் அனுப்பினால் என்ன செய்வீர்கள்?" என்று எழுதினார். அதுவும் சரிதான்.

அந்த வாரமே வீட்டுக்கு வந்தபோது, விட்டுப்போன கேள்வியை என் கையாலேயே எழுதச் சொன்னார். "ஆறு எண்கள் வந்தால் யாரிடம் சொல்லலாம்?" என்று எழுதினேன். அவர் அடியில், "யாரிடமும் சொல்லக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். பிறகு, இதை எழுதி வைத்தால் போதாது, குரூப்பில் வாயால் சொல்லுங்கள் என்றார். நான் முடியாது என்றேன். "கடைத்தெருவுலயே கத்தியாச்சு, இனிமே என்ன?" என்றார். கொல்லையில் போய் நின்று, மூன்று தடவை அழித்து, நாலாம் தடவை என் குரலை அனுப்பினேன். "யாரு நம்பர் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் சொல்லி மாட்டிக்கிட்டேன். வெக்கப்படாம பக்கத்துல யாரையாச்சும் கேளுங்க." அவ்வளவுதான். அதை டீக்கடையில் ஒரு வாரம் போட்டுப் போட்டுக் கேட்டார்களாம், எங்கள் வாய்க்கால்காரன் பேசுகிறான் பார் என்று.

கேபிள்காரம்மா இப்போது எங்கள் பக்கம் இல்லை. இங்கே இருந்த லைன்களைப் பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, வேதாரண்யத்தில் மகன் வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். "காத்துக்கும் புயலுக்கும் கம்பி அறுந்துகிட்டே இருக்கிற ஊருண்ணே. எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்று சந்தோஷமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய வீட்டுக்காரர் மட்டும் ஏணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார், சரி செய்கிறார், நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, கேளுங்க என்று யாரும் நிற்பதில்லை. அதனால் தெருவில் கேள்வி இருக்கிறவர்கள் மெதுவாக என்னிடம் வருகிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாததை நோட்டில் எழுதி, படம் எடுத்து, வேதாரண்யத்துக்கு அனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் அதே கோணல் எழுத்தில் பதில் வந்துவிடும்.

வெள்ளையடிக்க வந்தவர் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி போனில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இது வைஃபை பாஸ்வேர்டுதானேண்ணே? போட்டுப் பாத்தேன், எடுக்க மாட்டேங்குதே" என்றார்.

"அந்த மடைய மூடியாச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பாப்பாவோடு பேச வேண்டும், டவர் கிடைக்கவில்லை என்று இழுத்தார். கேட்கத் தயங்குகிற முகம் எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்த முகம். அவர் போனுக்குக் கையை நீட்டினேன். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உங்க பேரு என்னங்க? எந்த ஊரு?"